383, 440, சிக்ஸ் பேக், ஹெமி: கிரைஸ்லர் மசில் காரில் எந்த என்ஜின், ஏன்?

1968-லிருந்து 1971 வரை கிரைஸ்லர் கம்பெனியின் பிளைமவுத் ரோட் ரன்னர், ஜிடிஎக்ஸ், டாட்ஜ் சார்ஜர், சூப்பர் பீ போன்ற கார்களில் பேசப்பட்ட பெரிய வி8 என்ஜின்கள் நான்கு: 383, நான்கு பேரல் (காற்றுத் துளை) கார்புரேட்டர் போட்ட 440, மூன்று கார்புரேட்டர் போட்ட 440 (சிக்ஸ் பேக்), 426 ஹெமி. எண்கள் கன அங்குலத்தில் என்ஜினின் கொள்ளளவு. எல்லா மாடலிலும் எல்லா ஆண்டும் நான்கும் கிடைக்கவில்லை. 1968 ரோட் ரன்னரில் 383-ஐ விட்டால் ஹெமிதான். இன்றைக்கு இந்தக் கார்களின் ஏல விலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த ஒரு தேர்வு. ஆனால் சாலையில் ஓட்ட எது நல்லது என்று ஏல விலை சொல்லாது. ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு நான் சொல்வது 440 நான்கு பேரல். ஹெமியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த என்ஜின் எந்த வேலைக்காகப் பிறந்தது என்று தெரிந்தால் காரணம் தானாகப் புரியும்.

முதலில் கம்பெனி கொடுத்த எண்கள். 383: 5200 ஆர்பிஎம்-இல் 335 குதிரைத்திறன், 3400-இல் 425 அடி-பவுண்டு டார்க். 440 நான்கு பேரல்: 4600-இல் 375, 3200-இல் 480. 440 மூன்று கார்புரேட்டர்: 4700-இல் 390, 3200-இல் 490. ஹெமி: 5000-இல் 425, 4000-இல் 490. குதிரைத்திறனை விட்டுவிட்டு டார்க் எந்த ஆர்பிஎம்-இல் வருகிறது என்று பாருங்கள். சிக்ஸ் பேக்கும் ஹெமியும் அதே 490-ஐத் தருகின்றன, ஆனால் ஹெமி அதை 800 ஆர்பிஎம் தள்ளித்தான் தருகிறது. சிக்னலில் நின்று கிளம்பும் காருக்கு அந்த 800 ஆர்பிஎம் பெரிய விஷயம்.

இவை எல்லாமே கிராஸ் எண்கள். ஏர் ஃபில்டர், ஃபேன், சைலன்சர் எதுவும் சரியாகப் பூட்டாமல் என்ஜினை மட்டும் ஸ்டாண்டில் வைத்து அளந்தவை. 1971-இல் கிரைஸ்லர் கிராஸ், நெட் இரண்டையும் வெளியிட்டது. அந்த ஆண்டு ஹெமிக்கு கிராஸ் 425, நெட் 350. சிக்ஸ் பேக்குக்கு 385, 330. நான்கு பேரல் 440-க்கு 370, 305. கம்ப்ரெஷன் குறைக்கப்பட்ட 383-க்கு 300, 250. 1972 முதல் நெட் எண் மட்டுமே. ஆகவே 1970 காரையும் 1972 காரையும் பக்கத்தில் வைத்து "பாதி பவர் போய்விட்டது" என்று சொல்பவர்கள் இரண்டு வேறு அளவுகோல்களைக் கலக்கிறார்கள்.

383-ஐப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போர் 4.25 அங்குலம், ஸ்ட்ரோக் 3.375 அங்குலம். ஸ்ட்ரோக் குறைவு என்பதால் சுறுசுறுப்பாகச் சுற்றும். ரோட் ரன்னரில் வந்த 335 குதிரை 383 சாதாரண 383 அல்ல: நான்கு பேரல் 440-இன் ஹெட், கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளை அதற்குப் போட்டார்கள். அதனால்தான் அடியில் கொஞ்சம் மந்தமாகவும் 3000-க்கு மேல் உயிரோடும் இருக்கும். பின் ஆக்சிலின் கியர் விகிதம் 3.23 ஆக இருந்தால் கிளம்பும்போது சோம்பல் தெரியும்; 3.55-க்கு மாற்றினால் அதே என்ஜின் வேறு மாதிரி இருக்கும். பழுது பார்ப்பதிலும் செலவிலும் நான்கில் இதுதான் எளிது.

383-ஐ 440 ஆக மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது டெக் உயரம், அதாவது கிராங்கின் மையத்திலிருந்து ஹெட் உட்காரும் பரப்பு வரை உள்ள உயரம். 383 தாழ்ந்த டெக், 9.98 அங்குலம். 440 உயர்ந்த டெக், 10.72 அங்குலம். சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட், டைமிங் செயின், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப் எல்லாம் இரண்டுக்கும் பொது. இன்டேக் மேனிஃபோல்டு, புஷ்ராடு, டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தா. கிராங்கின் மெயின் ஜர்னலும் வேறு: 383-இல் 2.625 அங்குலம், 440-இல் 2.75. "பிக் பிளாக் என்றால் எல்லாம் ஒன்றுதான்" என்று இன்டேக்கை வாங்கிவிட்டு, அது இரண்டு ஹெட்டுக்கும் நடுவே உட்காராமல் நிற்பது இந்தக் கார்களில் அடிக்கடி நடப்பது.

இனி 440. போர் 4.32, ஸ்ட்ரோக் 3.75 அங்குலம், 7.2 லிட்டர். டாட்ஜில் மேக்னம் என்றும் பிளைமவுத்தில் சூப்பர் கமாண்டோ என்றும் பெயர். சார்ஜர் ஆர்/டி, ஜிடிஎக்ஸ் ஆகியவற்றில் இது ஸ்டாண்டர்டு என்ஜின். 1968 முதல் 1970 வரை இதில் வந்தது 906 என்று முடியும் காஸ்டிங் எண் கொண்ட ஹெட்: இன்டேக் வால்வு 2.08 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.74, திறந்த சேம்பர். 1967-இன் 915 ஹெட் மூடிய சேம்பர். அதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. இரண்டிலுமே எக்ஸாஸ்ட் சீட் கடினப்படுத்தப்படாதது. ஈயம் கலந்த பெட்ரோல்தான் அந்தக் காலத்தில் சீட்டைக் காப்பாற்றியது. ஹெட் எப்படியும் கழற்றப்படும் நாளில் கடினமான எக்ஸாஸ்ட் சீட் ரிங்குகளைப் போட்டுவிடுங்கள். அதற்காக மட்டும் நன்றாக ஓடும் என்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

440 பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள காஸ்டிங் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1966 முதல் 1972 வரை 2536430. 1973-க்குப் பின் 3698830. பின்னது மோசமான பிளாக் அல்ல. ஆனால் 1970 கார் என்று சொல்லி அதில் இந்த எண் இருந்தால் என்ஜின் பின்னால் வந்து சேர்ந்தது. 383-க்கு 1965-லிருந்து 1971 வரை 2468130.

440-இல் பலரும் தடுக்கி விழும் இடம் பேலன்ஸ். ஆரம்ப கால 440 இன்டர்னல் பேலன்ஸ், அதாவது ஈடு எடை முழுவதும் கிராங்கிலேயே. 1970, 71-இல் சிக்ஸ் பேக்குக்கும் ஹை பெர்ஃபார்மன்ஸ் நான்கு பேரலுக்கும் கனமான கனெக்டிங் ராடு போட்டார்கள். அந்தக் கூடுதல் எடையை ஈடுகட்ட கிராங்கின் முன்முனையில் அதிர்வை அடக்கும் டாம்பரிலும் பின்னால் டார்க் கன்வெர்ட்டரிலும் எடை சேர்த்தார்கள் (எக்ஸ்டர்னல் பேலன்ஸ்). எழுபதுகளின் நடுவில் வந்த வார்ப்பு கிராங்க் 440-களும் எக்ஸ்டர்னல் பேலன்ஸ்தான், ஆனால் எடையின் அளவு வேறு. ஒரு என்ஜினின் டாம்பரை எடுத்து இன்னொன்றில் மாட்டினால் போல்ட் எல்லாம் சரியாக உட்காரும், ஸ்லோ ஸ்பீடிலும் ஒன்றும் தெரியாது. 2500-க்கு மேல் போனதும் ஸ்டியரிங், தரை, கண்ணாடி எல்லாம் நடுங்கும். மவுன்ட்டையும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் மாற்றிப் பார்த்து அலைவதற்கு முன் டாம்பர், கன்வெர்ட்டர், ராடு மூன்றும் ஒரே கூட்டமா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் என்ஜின் பிரிந்திருக்கும்போதே பேலன்ஸ் ஷாப்பில் கொடுத்து இன்டர்னலாக மாற்றிவிடுவதே நிம்மதி.

ஆயில் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். பம்ப் என்ஜினுக்கு வெளியே முன்பக்கம் இருக்கிறது, கழற்றுவது சுலபம். அதைச் சுழற்றுவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில் உள்ள இடை ஷாஃப்டின் 5/16 அங்குல அறுகோண முனை. ஹை வால்யூம் பம்ப் போட்டு, குளிரில் கெட்டியான ஆயிலோடு ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த முனை முறுக்கிக்கொள்ளும். ஆகவே பம்பை மாற்றினால் முனை கடினப்படுத்திய ஷாஃப்டையும் சேர்த்து மாற்றுங்கள். சாதாரண 440-இல் ஆயில் உறிஞ்சும் பைப் 3/8 அங்குலம், ஹெமியில் 1/2 அங்குலம். 440-ஐ அடிக்கடி 5500 வரை கொண்டு போகிறவர்கள் பிளாக்கில் அந்தத் துளையைப் பெரிதாக்கி ஹெமி அளவு பைப் போடுவது வழக்கம், நல்ல வழக்கம்.

புதிதாகக் கட்டிய என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் இடை ஷாஃப்டை எடுத்துவிட்டு 5/16 அறுகோணக் கம்பியை ட்ரில்லில் மாட்டி, இடஞ்சுழியாகச் சுற்றி ஆயில் பிரஷர் ஏற்றுங்கள். கேஜில் பிரஷர் வந்தும் ராக்கர்களில் ஆயில் வரவில்லையே என்று பதற வேண்டாம். மேலே போகும் ஆயில் நான்காவது கேம் பேரிங் வழியாகப் போகிறது. கேம்ஷாஃப்டில் உள்ள துளை பேரிங் துளையோடு நேராகும் நிலையில்தான் ஒரு பக்க ஹெட்டுக்கு ஆயில் ஏறும், இன்னொரு நிலையில் மறு பக்கத்துக்கு. ட்ரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் கிராங்கை மெதுவாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் வரும். முழுச் சுற்று திருப்பியும் ஒரு பக்கம் வறண்டே இருந்தால் நான்காவது பேரிங் திரும்பி அடிக்கப்பட்டிருக்கிறது, அல்லது ராக்கர் ஷாஃப்ட் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. ஷாஃப்டின் ஆயில் துளைகள் கீழ்நோக்கி, வால்வு பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிறகு முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் மேல்முனையில் நிற்க, இடை ஷாஃப்டின் மேல் வெட்டு கிராங்குக்கு இணையாக வரும்படி இறக்குங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழி. ஹெட் போல்ட் 70 அடி-பவுண்டு, மெயின் கேப் 85, ராடு 45.

சிக்ஸ் பேக் என்பது டாட்ஜ் வைத்த பெயர். பிளைமவுத்தில் சிக்ஸ் பேரல். 1969-இன் நடுவில் ஏ12 என்ற பேக்கேஜாக ரோட் ரன்னரிலும் சூப்பர் பீயிலும் வந்தது. கீல் இல்லாமல் நான்கு பூட்டு ஊசிகளால் நிற்கும், இரண்டு பேர் தூக்கி எடுக்க வேண்டிய ஃபைபர்கிளாஸ் பானெட், மூடி இல்லாத கறுப்பு இரும்பு வீல், 4.10 விகிதத்தில் டானா 60 ஆக்சில். மேலே எடெல்பிராக் அலுமினிய இன்டேக்கில் வரிசையாக மூன்று ஹோலி இரண்டு பேரல் கார்புரேட்டர்கள்.

இந்த அமைப்பு சரியாக இருந்தால் நான்கிலும் ஓட்ட இனிமையானது இதுதான். கெட்டுப்போனால் இதைவிடத் தொல்லை வேறில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் இழுப்பது நடுக் கார்புரேட்டரை மட்டும். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும். ஓரத்தில் உள்ள இரண்டும் வேக்குவம் டயஃப்ரமால் திறப்பவை: நடுக் கார்புரேட்டரின் வென்ச்சுரி வழியே காற்று வேகமெடுத்ததும் அந்த வேக்குவம் ஹோஸ் வழியாகப் போய் ஸ்பிரிங்கை வென்று ஓரத் த்ராட்டில்களை இழுக்கும். ஓரத்தவற்றில் ஆக்சிலரேட்டர் பம்ப் (மிதித்ததும் பெட்ரோலைப் பீய்ச்சுவது) இல்லை, பவர் வால்வும் (வேக்குவம் குறைந்ததும் கூடுதல் பெட்ரோல் விடுவது) இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகள் தாமாகவே விளங்கும்.

ஸ்லோ ஸ்பீடு நிற்கவில்லை என்றால் நடுக் கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன் ஓரத் த்ராட்டில்கள் முழுவதும் மூடுகின்றனவா என்று பாருங்கள். மயிரிழை திறந்திருந்தாலும் அங்கிருந்து வரும் காற்று கலவையைக் கெடுக்கும், நடுவில் என்ன செய்தும் பயனிருக்காது. டயஃப்ரம் நலமா என்று பார்க்க என்ஜின் நின்றிருக்கும்போது ஓரத் த்ராட்டிலைக் கையால் திறந்து, வேக்குவம் துளையை விரலால் அடைத்துவிட்டுக் கையை எடுங்கள். த்ராட்டில் அப்படியே நிற்க வேண்டும். மெல்ல மூடினால் டயஃப்ரமில் கிழிசல், அல்லது மூடி கேஸ்கெட்டில் கசிவு.

முழு மிதியில் ஒரு கணம் என்ஜின் திணறி, பிறகு இழுக்கிறதா? பெரும்பாலும் யாரோ இலேசான ஸ்பிரிங் போட்டு ஓரத்தவை சீக்கிரம் திறக்கும்படி செய்திருப்பார்கள். பம்ப் ஷாட் இல்லாத கார்புரேட்டர் சீக்கிரம் திறந்தால் காற்று முந்தும், பெட்ரோல் பிந்தும். ஒரு படி கெட்டியான ஸ்பிரிங் போட்டால் திணறல் போகும். இதே காரணத்தால்தான் மெக்கானிக்கல் லிங்கேஜ் போட்டு மூன்றையும் ஒன்றாகத் திறக்க வைப்பதை சாலைக் காருக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

நடுக் கார்புரேட்டரின் பவர் வால்வு எண், கியரில் போட்டிருக்கும்போது வரும் ஸ்லோ ஸ்பீடு வேக்குவத்தில் ஏறத்தாழ பாதியாக இருக்கட்டும். பெரிய கேம் போட்ட என்ஜினில் வேக்குவம் குறைந்து, 6.5 வால்வு ஸ்லோ ஸ்பீடிலேயே திறந்து கறுப்புப் புகை கக்கும்.

சிக்ஸ் பேக் காரை மெதுவாகவே ஓட்டி நிறுத்தி வைப்பது அதற்குச் செய்யும் கெடுதல். ஓரக் கிண்ணங்களில் பெட்ரோல் தங்கிக் காய்ந்து பிசினாகி, ஊசி வால்வு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் திடீரென மிதித்தால் வழிந்து இன்டேக் மேல் கொட்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் என்ஜின் சூடானபின் ஓரிரு முறை முழுதாக மிதித்து அவற்றைத் திறக்க வையுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். இன்டேக்குக்கு அடியில் போகும் எக்ஸாஸ்ட் சூட்டுப் பாதையை வேலி பான் (இரண்டு ஹெட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மூடும் தகடு) கேஸ்கெட்டில் அடைத்துவிட்டால் சூடான என்ஜினில் வரும் ஸ்டார்ட்டிங் ட்ரபிள் பெரிதும் குறையும். குளிர்ப் பிரதேசத்தில் சோக் கொஞ்சம் நேரம் கூடுதலாக வேலை செய்யும், அவ்வளவுதான்.

இப்போது ஹெமி. 1964 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தது ரேஸ் ஹெமியோடு; முதல் மூன்று இடமும் ஹெமி பிளைமவுத்களுக்கே. அதற்குப் பின் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் கொண்டுவந்த விதிகளால், பொதுமக்களுக்கு விற்கும் காரில் அந்த என்ஜின் இருந்தாக வேண்டிய நிலை வந்தது. 1966-இல் வந்த ஸ்ட்ரீட் ஹெமி அப்படிப் பிறந்தது. அதாவது மணிக்கணக்காக உயர்ந்த ஆர்பிஎம்-இல் சுற்றுவதற்காக வடிவமைத்த என்ஜினை, கம்ப்ரெஷனை 10.25-க்குக் குறைத்து, மென்மையான கேம் போட்டு, கார்ட்டர் ஏஎஃப்பி நான்கு பேரல் இரண்டை வரிசையாக வைத்துத் தெருவுக்கு அனுப்பினார்கள்.

இன்டேக் வால்வு 2.25 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.94. அரைக்கோள சேம்பரில் இரண்டும் எதிரெதிர்ச் சரிவில் இருப்பதால் இவ்வளவு பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கிறது, காற்று நேராகப் பாய்கிறது. நடு மூன்று மெயின் கேப்களுக்குப் பக்கவாட்டு போல்ட்டும் உண்டு. வலிமையில் இதற்கு இணையான என்ஜின் அந்தத் தலைமுறை டெட்ராய்ட்டில் மிகக் குறைவு. ஆனால் பெரிய போர்ட்டில் தாழ்ந்த ஆர்பிஎம்-இல் காற்றின் வேகம் குறைவு. 3000-க்குக் கீழே 440 ஹெமியை விட்டு விலகிப் போவதற்குக் காரணம் அதுதான். 4500-க்கு மேல் கதை தலைகீழ். 3.23 ஆக்சிலும் சாதாரண டயரும் போட்ட ஹெமிக்கு, அது விரும்பும் ஆர்பிஎம் ஊருக்குள் ஒருபோதும் கிடைக்காது.

பராமரிப்பும் வேறு. 1969 வரை சாலிட் டாப்பெட்: கிளியரன்ஸை அவ்வப்போது ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 1970-இல் ஹைட்ராலிக் ஆனது. பிளக்குகள் வால்வு கவர் நடுவே குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். குழாயின் சீல் கசிந்தால் பிளக் கிணற்றில் ஆயில் தேங்கி மிஸ்ஸிங் அடிக்கும். ஹெட்டைப் பிடிக்கும் சில நட்டுகள் டாப்பெட்டுகள் இருக்கும் நடுப் பள்ளத்துக்குள் இருப்பதால் கை போவதே கஷ்டம். இரண்டு கார்புரேட்டரில் பின்னால் உள்ளதுதான் ஸ்லோ ஸ்பீடும் சோக்கும். முன்னால் உள்ளது மிதி ஆழமாகும்போது சேர்ந்துகொள்ளும். லிங்கேஜில் இந்தத் தாமதத்தைக் கெடுத்துவிட்டால் நகர ஓட்டத்தில் கார் தடுமாறும்.

1968 ரோட் ரன்னரின் ஆரம்ப விலை 2,896 டாலர். ஹெமிக்கு மேலே 714 டாலர். காரின் விலையில் கால் பங்கு. அந்த ஆண்டு விற்ற சுமார் 45,000 ரோட் ரன்னர்களில் ஹெமி ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதில் ஆச்சரியமில்லை.

ஆர்டரில் ஹெமி என்று எழுதினால் என்ஜின் மட்டும் மாறாது. என்ஜினைத் தாங்கும் கே-ஃப்ரேமே வேறு. கிராங்கின் பின்முனையில் 440-க்கு ஆறு போல்ட், ஹெமிக்கு எட்டு. ஆகவே ஃப்ளைவீலும் கன்வெர்ட்டர் தட்டும் வேறு. நான்கு கியர் மேனுவல் ஹெமியிலும் 440-இலும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் 18 ஸ்ப்லைன், 383-இல் 23. கிளட்ச்சைச் சட்டென விடும்போது வரும் அடியைத் தாங்க ஹெமி, 440 மேனுவல் கார்களுக்கு 9.75 அங்குல ரிங் கியர் கொண்ட டானா 60 கட்டாயம். டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் அந்த அடியை உள்வாங்கிவிடும் என்பதால் 8.75 அங்குல ஆக்சிலே போதுமானதாக இருந்தது. 27 அங்குல டயரில் மணிக்கு 60 மைலுக்கு 3.23 ஆக்சில் சுமார் 2400 ஆர்பிஎம் சுற்றும்; 4.10 சுமார் 3060. நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது கண்ணாடி வழியே தெரியும் விஐஎன் (வாகன அடையாள எண்) தகட்டின் ஐந்தாவது எழுத்து. 1968, 69-இல் எச் என்றால் 383 நான்கு பேரல், எல் என்றால் 375 குதிரை 440, ஜே என்றால் ஹெமி, 1969 ஏ12 காருக்கு எம். 1970, 71-இல் என், யு, ஆர், வி முறையே 383, 440 நான்கு பேரல், ஹெமி, சிக்ஸ் பேக். ஃபெண்டர் தகட்டில் இ86 என்றால் 440, இ87 என்றால் சிக்ஸ் பேக், இ74 என்றால் ஹெமி. 1968 முதல் விஐஎன்-இன் கடைசிப் பகுதி பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் குத்தப்பட்டிருக்கும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிளாக்கில் அந்த இடம் மட்டும் புதிதாகத் தேய்த்த பளபளப்போடு இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

ஓட்டத் தொடங்கியபின் முதலில் டைமிங். 10-க்கு மேல் கம்ப்ரெஷன் என்று கம்பெனி சொன்னாலும், அளந்து பார்த்தால் 440-இல் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வரும். பழைய மெல்லிய இரும்பு ஹெட் கேஸ்கெட்டுக்குப் பதில் 0.040 அங்குல காம்போசிட் போட்டால் இன்னும் சற்றுக் குறையும். ஆகவே அமெரிக்காவின் 91 அல்லது 93 ஆக்டேன் பெட்ரோலில் நாக் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) இல்லாமல் ஓட்ட முடியும், டைமிங் ஒழுங்காக இருந்தால். 906 ஹெட் 440-க்கு மொத்த மெக்கானிக்கல் அட்வான்ஸ் 36 டிகிரிக்கு அருகில் நல்லது. ஸ்லோ ஸ்பீடு சீராக இருக்கட்டும் என்று ஆரம்ப டைமிங்கை 14-க்கு ஏற்றுபவர்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள அட்வான்ஸ் வெட்டைக் குறைக்க மறந்தால் மொத்தம் 40-ஐத் தாண்டும். காதில் விழும் முன்பே பிஸ்டனின் ரிங் லேண்ட் உடையும்.

சாவியைத் திருப்பும்போது பிடித்து, விட்டவுடன் என்ஜின் நின்றுவிட்டால் கார்புரேட்டரைத் தொட வேண்டாம். ஃபயர்வாலில் உள்ள பேலஸ்ட் ரெசிஸ்டர் போயிருக்கிறது. ஒன்றை டேஷ் பெட்டியில் போட்டு வையுங்கள்.

புதிய ஃப்ளாட் டாப்பெட் கேம் போட்டால் ஜிங்க் அதிகமுள்ள ஆயில், டாப்பெட் அடியிலும் லோபிலும் பிரேக்-இன் பேஸ்ட். என்ஜின் பிடித்ததும் ஸ்லோ ஸ்பீடில் விடாமல் நேராக 2000-க்கு ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் நடுவே ஏற்றி இறக்கி 20 நிமிடம். லோபுகளுக்கு ஆயில் தெறிப்பாகத்தான் கிடைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் தெறிப்பு போதாமல் லோப் தேய்ந்துவிடும். அதனால் டைமிங், பெட்ரோல், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் ஸ்டார்ட் செய்யுமுன்பே சரியாக இருக்க வேண்டும். 20 நிமிடம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துக் காந்தத்தைத் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் அது வழக்கமான தேய்மானம். மினுங்கும் இரும்புச் செதில் ஒட்டினால் அன்றே இன்டேக்கைக் கழற்றி லோபுகளைப் பாருங்கள்.